மூன்றாவது குதிரை

காரிமங்கலத்து மலைக்கோயிலில் அருணேசுவரரைத் தரிசித்துவிட்டு, வெயில் தாழ்ந்த வேளையில் சற்றே உட்கார்ந்து கீழே பார்வையைச் செலுத்துகிறவர்களுக்கு, தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியை நோக்கி ஓடும் நெடுஞ்சாலையும், இருமருங்கிலும் தென்னையும் மாவும் அடர்ந்த தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் மொட்டைப் பாறைகளாய்த் தலைதூக்கி நிற்கும் குன்றுகளும் ஒரே சித்திரமாய்க் காட்சி தரும். பாராமகால் என்று பழைய ஆவணங்களில் பெயர் பெற்ற இந்தச் சீமை, 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து கும்பினியாரின் கைக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ சைனியங்களின் காலடியைத் தாங்கியது. படை போன வழியில் அதற்கு முன்னும் பின்னுமாகச் செய்தி கொண்டு ஓடியவர்களும் இருந்திருக்கத்தான் வேண்டும். படை நடத்தியவர்களின் பெயர்களைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. ஓடியவர்களின் பெயர்களை யார் குறித்து வைத்தார்கள்?

வீரனை மறக்காத மண் இது. தகடூர் நாடு என்று சங்க காலத்தில் வழங்கிய இப்பகுதியில், ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவனுக்கும், ஊரைக் காக்க எதிர்த்து நின்று வீழ்ந்தவனுக்கும் எடுத்த அந்தக் கற்களை, இன்று வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வணங்குகிறார்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால், வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் அந்த வீரர்களை வரிசையாகவே பார்க்கலாம். அண்டை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்தில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல்லில், கள்வர் இருவரைக் கடித்துத் தன் எஜமானனோடு நின்ற கோவிவன் என்ற நாயின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாயின் நன்றியையும் கல்லில் வெட்டி வைத்த இத்தகைய சமூகத்திலும், செய்தி கொண்டுபோய் மாண்ட ஒருவனுக்காக நட்ட கல்லை நான் இதுவரை கண்டதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையைத் தமிழுலகம் மறக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் தூதரைக் கொல்லலாகாது என்ற தர்மம் ஔவைக்குக் கவசமாய் இருந்தது. யுத்தகளத்தின் நடுவே சேனைக்குள்ளேயே ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்குச் செய்தி கொண்டு ஓடுகிறவனுக்கு அந்தக் கவசம் கிடையாது. அவனைக் குறிவைத்துச் சுடுவதே எதிரிக்கு முதற்காரியம்.

இந்த எண்ணம் எனக்குள் வேரூன்றியது வாரச்சந்தையை அடுத்த ஒரு தேநீர்க் கடையில். இராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கொஞ்சம் நிலமும் இரண்டு கறவை மாடுமாய் வாழும் பெரியவர் ஒருவர் அங்கே பழக்கமானார். பேர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லைக் காவலில் குண்டு விழுந்த இரவுகளைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது என் காதில் இன்னும் நிற்கிறது: "வெடிச் சத்தத்துக்கு நாங்க பயப்பட மாட்டோங்க. போனை எடுத்து ஹேண்டிலைச் சுத்தினா அந்தப் பக்கத்துல ஒண்ணுமே கேக்காது பாருங்க, அதுக்குத்தான் பயம். லைன் செத்துப் போச்சுன்னா, அதைத் தேடிக்கிட்டு இருட்டுல கம்பியைக் கையில புடிச்சபடியே ஒருத்தன் போயாகணும்."

கம்பியைக் கையில் பிடித்தபடியே போவது என்பது வெறும் பேச்சலங்காரம் அன்று. களத் தொலைபேசியின் கம்பி தரையில்தான் கிடக்கும். எங்கே அறுந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. லைன்மேன் என்று அவர்கள் அழைக்கும் சிப்பாய், கம்பியை உள்ளங்கையில் வழுக்கவிட்டுக்கொண்டே, அது அறுந்து கை வெறுமையாகும் இடம் வரையில் நடப்பான், தவழ்வான். பிறகு மறுமுனையைத் தேடி இருளில் தரையைத் துழாவுவான். கம்பியை அறுத்தது எந்தப் பீரங்கியோ அந்தப் பீரங்கி அதே இடத்தில் மறுபடியும் குண்டு போடும் என்பதை அறிந்தேதான் அங்கே முழந்தாளிட்டு உட்காருவான். மற்ற வீரர்கள் குண்டு விழுகிற இடத்தை விட்டு ஒதுங்கிப் பதுங்குகுழியைத் தேடும் நேரத்தில், குண்டு விழுந்த இடத்தையே தேடிக்கொண்டு போவது அவனுடைய உத்தியோகம்.

முதல் உலக மகாயுத்தத்தில் பிரான்ஸ் நாட்டுப் போர்முனையில் இந்த உத்தியோகம் எத்தகைய நரகமாயிற்று என்பதை அந்நாளைய இராணுவ நூல்கள் விவரிக்கின்றன. ஒற்றைக் கம்பி நிலைக்காது என்று கண்டு இரண்டு கம்பிகளை இணையாக ஓட்டி, ஏணியின் படிகளைப் போல இடையிடையே குறுக்கே பிணைத்தார்கள்; ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றொரு பாதை வழியே குரல் போய்ச் சேரட்டும் என்பது யோசனை. அதுவும் போதாமல் ஆறடி ஆழத்தில் பள்ளம் வெட்டிக் கம்பியைப் புதைத்தார்கள். புறாக்களைப் பறக்கவிட்டார்கள், கொடியும் விளக்கும் காட்டினார்கள். இவை யாவும் காவற்குழிகளில் நிலைத்து நிற்கும் படைக்கு உதவும். முன்னே பாய்ந்து போகிற படைக்கோ கம்பி எட்டாது. புகையிலும் மூடுபனியிலும் கொடி தெரியாது. கடைசியில் எஞ்சுவது மனிதன் ஒருவனே. அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம். அதே செய்தியின் பிரதி ஒன்றை வேறொருவன் கையில் கொடுத்து வேறு வழியாய் அனுப்புவதும் அக்காலத்து வழக்கம். இருவரில் ஒருவனாவது போய்ச் சேருவான் என்ற கணக்கில், மற்றவன் சேரமாட்டான் என்பதும் அடங்கியிருக்கிறது.

1917-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி, காம்பிரே என்ற நகரத்தை நோக்கி ஆங்கிலேயர் முன்னூற்றுக்கும் மேற்பட்ட டாங்கிகளை ஒரே நாளில் ஏவி ஜெர்மானிய அரண்களை உடைத்தார்கள். லண்டனில் தேவாலய மணிகளை ஒலித்துக் கொண்டாடினார்கள். பத்தே நாளில், நவம்பர் 30 அன்று, ஜெர்மானியர் திருப்பித் தாக்கி, இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டதோடு ஆங்கிலேயர் அணியிலும் பிளவு உண்டாக்கினார்கள். அந்தப் பிளவை அடைப்பதற்காக அவசரம் அவசரமாக அழைக்கப்பட்ட படைகளில், மௌ குதிரைப்படை பிரிகேடைச் சேர்ந்த இரண்டாவது லான்ஸர்ஸ் என்ற இந்தியக் குதிரைப்படையும் ஒன்று. டிசம்பர் முதல் தேதி காலையில், வருவதாய் இருந்த டாங்கிகளின் துணை கிட்டாமலே, விரிந்த வெளியில் ஈட்டிகளை நீட்டிக்கொண்டு அந்தப் படை பாய்ந்தது. இரு புறங்களிலிருந்தும் இயந்திரத் துப்பாக்கிகள் சுட, முள்வேலியைத் தாண்டிக் கில்டேர் என்று பெயரிட்டிருந்த அகழியையும் அதனை ஒட்டிய பள்ளப்பாதையையும் பிடித்தது. படையின் தலைவர் கர்னல் டர்னர் கொல்லப்பட்டார். பள்ளத்தில் சிக்கிய வீரர்களுக்கு வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் நேசப்படை எதுவும் இல்லை. தாங்கள் இருக்கும் இடமே பிரிகேட் தலைமையகத்துக்குத் தெரியாது என்ற நிலை. தலைமையகமோ ஒன்றரை மைல் பின்னால், பெஸியேர் என்ற கிராமத்தில் இருந்தது.

ஒன்றரை மைல் என்றால் நம் ஊரில் அரைமணி நேர நடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசிக்கொண்டே நடந்துவிடும் தூரம். அந்த வெளியிலோ மறைவதற்கு ஒரு செடியும் இல்லை. முழுவதும் எதிரியின் கண்ணுக்கு நேராகக் கிடந்தது.

செய்தி கொண்டு போகத் தாமாக முன்வருகிறவர்கள் யார் என்று கேட்டபோது இருவர் முன்வந்தார்கள்: லான்ஸ் தபேதார் கோவிந்த சிங், சவார் ஜோத் ராம். இருவர் கையிலும் ஒரே செய்தியின் இரண்டு பிரதிகள் கொடுக்கப்பட்டன. ஜோத் ராம் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே சுடப்பட்டு இறந்தார். அவரைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எழுதக் கிடைக்கவில்லை. ஆயினும் இந்தக் கட்டுரையில் அவர் பெயரை இரண்டாவது தடவையும் எழுதாமல் அப்பால் போக மனம் வரவில்லை: ஜோத் ராம்.

கோவிந்த சிங் குதிரையை விரட்டிக்கொண்டு ஏறத்தாழ அரை மைல் போயிருப்பார். இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் பட்டுக் குதிரை சாய்ந்தது. அவர் குதிரையின் பக்கத்திலேயே, உயிரற்ற உடலைப் போல அசையாது கிடந்தார். எதிரியின் கவனம் விலகியது என்று தோன்றியதும் எழுந்து ஓடினார். உடனே மறுபடியும் சுட்டார்கள். குண்டு பட்டவர் போல உருண்டு விழுந்தார், காத்துக் கிடந்தார், எழுந்து ஓடினார், மறுபடியும் விழுந்தார். இவ்விதம் பலமுறை செத்துச் செத்துப் பிழைத்துத் தலைமையகத்தை அடைந்து செய்தியைக் கொடுத்தார் என்று அப்படையின் சரித்திரம் கூறுகிறது. தைரியம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்த மார்பையும் உருவிய வாளையும் நினைத்துக்கொள்கிறவர்கள், மண்ணில் முகம் புதைத்துப் பிணம்போல் கிடந்து, மடியில் இருக்கும் ஒரு காகிதத்துக்காகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைச் சற்று நேரம் தியானிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். செய்தி கொண்டு போகிறவன் எதிர்த்துச் சண்டையிடக்கூடாது. பழி வாங்க நிற்கக்கூடாது. கோபத்துக்கும் அவனுக்கு உரிமையில்லை. போய்ச் சேருவது ஒன்றே அவனுடைய வீரம்.

செய்திக்குப் பதில் உண்டல்லவா? அதனைப் படைக்குக் கொண்டு சேர்க்கவும் அவரே முன்வந்தார். வேறு குதிரை கொடுத்தார்கள். திரும்பும் வழியில் அந்தக் குதிரையும் சுடப்பட்டது. எஞ்சிய தூரத்தை ஓடியே கடந்து, பள்ளப்பாதையில் காத்திருந்தவர்களிடம் பதிலை ஒப்படைத்தார்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தாலும் ஒரு வீரனின் வாழ்க்கைக்கு அது போதும். சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு செய்தி தலைமையகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கோவிந்த சிங் மூன்றாம் முறையும் எழுந்து நின்றார். உன் பங்கை நீ செய்துவிட்டாய், போதும் என்று தடுத்தார்கள். மற்றவர்களைக் காட்டிலும் அந்த நிலத்தின் மேடுபள்ளம் எனக்குத் தெரியும், ஆகையால் நான்தான் போக வேண்டும் என்பது அவர் கூறிய நியாயம். மூன்றாவது குதிரையில் ஏறினார்.

முதல் முறை போகிறவனுக்கு அபாயம் என்பது ஊகமே; எதிர்ப்புறத்தில் என்ன காத்திருக்கிறது என்பதை அவன் உடம்பு இன்னும் அறியாது. அந்த அறியாமை ஒருவகைக் கருணை. இரண்டாம் முறை, தன் தோழர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்களே என்ற ஏக்கம் அவனை இழுத்துச் செல்லும். மூன்றாம் முறைக்கு இவை இரண்டும் துணை நிற்கா. இரண்டு குதிரைகள் எந்த இடத்தில் விழுந்து கிடக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். எந்த மேட்டைத் தாண்டியதும் துப்பாக்கி திரும்பும் என்பது தெரியும். ஜோத் ராம் வரவில்லை என்பதும் தெரியும். முழு ஞானத்தோடு, தடுத்தவர்களின் அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன அந்த மூன்றாவது சவாரியே என் மனத்தை ஆட்கொண்டது. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதற்காகத்தான். அவருடைய மேலதிகாரிகள் முதல் முறைக்கே பதக்கம் கொடுத்திருந்தாலும் நியாயமே. ஆயினும் மூன்றாம் முறையில்தான் அவர் யார் என்பது தெரிகிறது.

இந்தத் தடவை ஜெர்மானியர் பீரங்கிக் குண்டுகளை மழையாய்ப் பொழிந்துகொண்டிருந்தார்கள். அந்த மழைக்குள் அவர் நுழைந்தார். ஒரு குண்டு நேராக வந்து, சேணத்துக்குப் பின்னே குதிரையை இரண்டு துண்டாக்கியது. ஒரு முழம் முன்னே விழுந்திருந்தால் சவாரி செய்தவரும் இல்லை, செய்தியும் இல்லை. குதிரையின் உடலிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு, மூன்றாம் தடவையும் ஓட்டமாய் ஓடித் தலைமையகத்தை அடைந்தார்.

விக்டோரியா கிராஸ் விருது இந்தியச் சிப்பாய்களுக்கும் உண்டு என்று 1911-ல்தான் அறிவித்தார்கள். 1918 ஜனவரியில் அரசாங்க கெஜட்டில் கோவிந்த சிங்கின் பெயர் வெளியாயிற்று. அந்தக் குறிப்பு மிகச் சுருக்கமானது: மூன்று முறை தாமாக முன்வந்தார், ஒன்றரை மைல் வெட்டவெளி, ஒவ்வொரு முறையும் குதிரை சுடப்பட்டது, ஒவ்வொரு முறையும் நடந்தே முடித்தார். லண்டன் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் கையால் பதக்கத்தைச் சூட்டினார். இராஜஸ்தானத்துத் தாமோய் கிராமத்தில் பிறந்த அந்த ராஜபுத்திரர், பின்னர் ஜமேதாராய் உயர்ந்து, 1942-ல் காலமானார்.

இராஜபுத்திர வீரரின் கதையைக் காரிமங்கலத்தில் உட்கார்ந்து எழுதுவானேன் என்று வாசகர் கேட்கக்கூடும். அவர் அன்று சேர்ந்து போரிட்டது இரண்டாவது லான்ஸர்ஸ் படையில் என்றாலும், அவருடைய தாய்ப்படை 28-ஆவது லைட் காவல்ரி. அந்தப் படையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் போனால், 1784-ல் திரட்டப்பட்ட மதராஸ் குதிரைப்படையில் போய் நிற்கிறோம். மூன்றாவது மதராஸ் லான்ஸர்ஸ் என்பது அதன் பழைய பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர்க்குணம் வடக்கத்திய ஜாதிகளுக்கே உரியது என்ற ஒரு விபரீதக் கொள்கையைக் கைக்கொண்ட ஆங்கிலேய அதிகாரிகள், தென்னாட்டவரைச் சைனியத்தில் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். படைகள் இருந்தன, பெயரில் மதராஸும் சில காலம் இருந்தது, ஆட்கள் மாறினார்கள். அந்தக் கொள்கை எவ்வளவு பொய் என்பதை மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியற்படை உலகின் பல போர்முனைகளில் நிரூபித்துக்கொண்டே இருந்தது. 28-ஆவது லைட் காவல்ரியே பின்னாளில் 7-ஆவது லைட் காவல்ரியாகி, 1948 நவம்பர் முதல் தேதி, காஷ்மீரத்துச் சோஜி லா கணவாயில் பதினோராயிரம் அடி உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றிச் சென்றது. கோவேறு கழுதைப் பாதையாய்க் கிடந்த அவ்வழியை டாங்கி போகும் பாட்டையாகக் குளிரில் வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்கள். பழைய உறவு வேறு உருவில் அங்கே கூடியது என்று எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது.

இந்திய சைனியத்தில் செய்தித் தொடர்புக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது 1911 பிப்ரவரி 15 அன்று. பவல் என்ற லெப்டினன்ட் கர்னலின் தலைமையில் பத்தேகரில் முதல் இரண்டு சிக்னல் கம்பெனிகளைத் திரட்டினார்கள். இன்றைய சிக்னல்ஸ் பிரிவு அந்தத் தேதியையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சுதந்திர பாரதத்தின் முதல் பரமவீர சக்கர விருதுக்குரிய மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பர் 3 அன்று பத்காமில், முறிந்த கையில் மாவுக்கட்டுடன் போரிட்டு, பகைவர் ஐம்பது கஜ தூரத்தில் நெருங்கிவிட்ட நிலையிலும் பின்வாங்கப்போவதில்லை என்று தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பிய சிறிது நேரத்தில் உயிர் நீத்தார் என்பதை யாவரும் அறிவர். அந்த வாசகம் ஸ்ரீநகரில் கேட்டது என்றால், அக்கினி மழைக்கு நடுவே ஒரு கம்பியில்லாக் கருவி உயிரோடு இருந்தது. அதைக் காத்துக்கொண்டிருந்த கைகளும் இருந்தன.

1962 அக்டோபர் 20 விடியற்காலையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நடந்ததோ இதற்கு நேர் எதிர். சீனப் பீரங்கிகளின் முதல் சரமாரியிலேயே தொலைபேசிக் கம்பிகள் சின்னாபின்னமாயின. பிரிகேடியர் தால்வியின் கீழிருந்த பட்டாளங்கள், ஒன்றுக்கு நேர்ந்த கதி மற்றொன்றுக்குத் தெரியாமல் தனித்தனியே நின்று அழிந்தன. அந்தக் காலை நேரத்தில், டிவிஷன் சிக்னல் படையைச் சேர்ந்த மேஜர் ராம் சிங், விமானி ஸ்குவாட்ரன் லீடர் சேகலுடன் ஹெலிகாப்டரில் ஏறி, தொடர்பு அறுந்துபோன முனையிலிருந்த சாங்தர் என்ற இடத்துக்கே பறந்தார். சாங்தர் அதற்குள் எதிரியின் பிடியில் வீழ்ந்திருந்தது. இருவரும் திரும்பவில்லை. எங்கே கம்பி அறுந்ததோ அங்கேதான் நான் இருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய லைன்மேனின் தர்மத்தை, மேஜர் பதவியிலிருந்தவரும் கைவிடவில்லை.

இவையெல்லாவற்றையும் அந்தத் தேநீர்க் கடைப் பெரியவரிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவிந்த சிங்கின் பெயரை அவர் தம் பயிற்சிக் காலத்தில் கேட்டதில்லையாம். இரண்டு குதிரைகள் விழுந்தது வரையில் பேசாமல் கேட்டார். மூன்றாம் முறையும் அவரே போனார் என்று நான் சொன்னதும், டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாருங்க போகச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்."

சற்று யோசித்தார். நான் காரணத்தை இன்னும் சொல்லியிருக்கவில்லை. "அது சரிதானுங்க. வழி தெரிஞ்சவன் உயிரோட நிக்கிறப்ப, தெரியாதவனை எப்படி அனுப்பறது?" என்றார்.

பிறகு, கடைக்காரர் விளக்குக்காக வாங்கி வைத்திருந்த மின்கம்பியில் இரண்டு துண்டைக் கேட்டு வாங்கி, எனக்குச் செய்து காட்டினார். பல்லால் கடித்து மேலுறையை உரித்தார். இரண்டு முனைகளையும் வலத்தின் மேல் இடம், இடத்தின் மேல் வலம் என்று முடிச்சிட்டு இறுக்கினார். மிச்சமிருந்த செம்பு இழைகளை இருபுறமும் நெருக்கமாகச் சுற்றினார். இதையெல்லாம் செய்தபோது அவர் கண்கள் கம்பியில் இல்லை. சந்தைப் பக்கமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இருட்டில் பழகிய கைகள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதன் மேல் டேப்பைச் சுற்றி, கையோடு கொண்டுபோன போனை இணைத்து, இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் ஒரு மணி அடித்து, இரண்டு பக்கத்திலும் குரல் கேட்ட பிறகுதான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்றார். குண்டு விழுந்தாலும் அதற்கு முன் எழுந்திருக்கக்கூடாது.

முடிச்சை என்னிடம் நீட்டினார். "இழுத்துப் பாருங்க."

இரு கைகளாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கம்பி உள்ளங்கையை அறுத்தது, முடிச்சு அசையவில்லை.